மீதி மூன்று அட்டைகள்

பிப்ரவரி 3

டீச்சரம்மாவுக்கு,

இந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. பிடிக்கவில்லை என்றால் ‘அன்புள்ள தங்கைக்கு’ என்று நீயே திருத்திக்கொள். திருத்துவதுதான் உன் தொழில்.

போன் செய்திருக்கலாம். ஆனால் அப்பா போன மூன்றாம் நாள், கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, “இனிமே உன் குரலையே நான் கேக்கக் கூடாது” என்று உன்னைப் பார்த்துக் கத்தியவன் நான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் எண்ணை அழுத்துவது? ஒரு காரியம் ஆக வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன். அதையும் ஒளிக்கவில்லை.

கடல் தாண்டி வந்து நர்ஸ் வேலை பார்க்கும் இந்த முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் இரண்டாம் மாடி, பதினெட்டுக் கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் ஓர் அம்மாள், தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் இடது கையைக் காட்டி ஏதோ சொன்னார். முக்கியமான சொல் பிடிபடவில்லை. நான் வழக்கம்போலத் தலையை ஆட்டி, அவர்கள் மொழியில் “சரி, சரி” என்று சிரித்து, தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு நகர்ந்தேன். மறுநாளும் அதே சொல், அதே தலையாட்டல். மூன்றாம் நாள் மாடிப் பொறுப்பாளர் அம்மா அவருடைய ஸ்வெட்டர் கையை மடக்கிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பினார். மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, நல்ல கையை என் பக்கம் நீட்டினாராம். சொன்னேன், சரி சரி என்றாரே, என்றாராம்.

சொல் புரியாவிட்டாலும் கண் இருக்கிறதே என்று கேட்பாய். எனக்கு அங்கிருந்து சீக்கிரம் நகர்ந்தால் போதும் என்றிருந்தது. எல்லாரிடமும் அப்படித்தான் இருக்கிறேன். மொழிப் பரீட்சையில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவன் வாயில் ‘சரி’யைத் தவிர ஒன்றும் வருவதில்லை. என்னை இங்கே ‘சரி சரி’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம், சமையற்கட்டில் வேலை செய்யும் என் அறைத்தோழன் சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி பொறுப்பாளர் அம்மா என்னை நேரில் சோதிக்கப்போகிறார். தேறாவிட்டால் நோயாளிகள் பக்கம் வரக் கூடாது, சலவைக் கூடம்தான். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பரீட்சைக்கு நான் சொல் படித்த பழைய அட்டைகள் உன்னிடம்தானே இருக்கின்றன? அனுப்புவாயா?

அண்ணன்

●

பிப்ரவரி 14

அண்ணா,

காரியம் ஆக வேண்டும் என்று உடைத்துச் சொன்னதற்கு நன்றி. நலம் விசாரித்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

அந்த அம்மாளின் கையை நினைத்தால் எனக்குத்தான் உடம்பு கூசுகிறது. எங்கள் மொழிப் பயிற்சி மையத்தின் வாசல் பலகையில் நடுவில் உன் படம்தான் இருக்கிறது, ‘முதல் முயற்சியிலேயே தொண்ணூற்றிரண்டு’ என்று. புதிதாகச் சேர வருகிற ஒவ்வொருவரும் அதைக் காட்டி, “இவரு மாதிரி நாங்களும் பேசிடுவோமா மேடம்” என்று கேட்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். நம் வீட்டில் எல்லாருக்கும் இந்தத் தலையாட்டல் வரும் போலிருக்கிறது.

பழைய அட்டைகளை அனுப்ப மாட்டேன். அவற்றில் அப்பாவின் சிவப்புப் பென்சில் குறிகள் இருக்கின்றன. அவை இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

உனக்கு எங்கே கோளாறு என்று தெரிகிறது. பாதி என் கோளாறுதான். வீட்டுக்குள் நடந்துபோய்ச் சொல்லை எடுக்கும் வித்தையை நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாத்திரம் பண்டமெல்லாம் சமையலறையில், துணிமணிச் சொற்கள் பீரோவில், உடம்பும் வலியும் அப்பா அறையில் என்று ஒவ்வொன்றையும் ஓர் இடத்தில் மனசால் வைத்தாய். பரீட்சைத் தாளுக்கு அது போதும், யோசிக்க நேரம் கிடைக்கும். எதிரே ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நீ வீடு முழுக்கச் சுற்றிவிட்டு வர முடியாது. அதோடு குத்தல், எரிச்சல், கடுப்பு, மரத்துப்போவது எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் அடுக்கவைத்தேன். ஒன்றுபோல இருப்பதை ஒன்றாகப் படித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்போது என் வகுப்பில் அப்படிச் செய்வதில்லை.

புதிதாக நீயே அட்டை எழுது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் அந்த மொழி. வெறும் சொல்லாக எழுதாதே, யார் வாயிலிருந்தாவது நீ கேட்ட வாக்கியமாக எழுது. ஒரு செருப்பு டப்பாவில் அட்டை வைத்து ஐந்து தடுப்புப் போடு. முதல் தடுப்பைத் தினமும் எடு, இரண்டாவதை ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் பதினைந்து நாள், கடைசி மாதம் ஒரு முறை. சரியாகச் சொன்ன அட்டை ஒரு தடுப்பு முன்னால் போகும். தப்பினால், எங்கே இருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்பும். இதில் இரக்கம் காட்டாதே.

திருப்பிப் பார்த்துத் திருப்பிப் பார்த்து வாசிப்பதை விடு. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அது பார்த்துப் பழகியது, தெரிந்தது இல்லை. பின்பக்கத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு, தப்பாகவாவது சொல். மறக்கப்போகிற நேரத்தில் முக்கி முனகி இழுத்து எடுக்கிற சொல்தான் தங்கும்.

தங்கை

●

பிப்ரவரி 26

டீச்சரம்மா,

டப்பா தயார். என் அறைத்தோழனுடைய வேலைச் செருப்பு வந்த டப்பா, திறந்தால் வெங்காய வாடை அடிக்கிறது. முப்பத்தாறு அட்டை சேர்ந்திருக்கிறது. இருபதுக்கு மேல் இரண்டாம் தடுப்புக்குப் போய்விட்டன.

ஜன்னலோரத்து அம்மாள் ஐந்து வாரம் என்னைக் கிட்டே விடவில்லை. போன திங்கட்கிழமை அவர் எதிரில் நின்று மன்னிப்புக் கேட்டேன். வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போயும் நடுவில் நின்றுவிட்டேன். அவர் முடித்துக்கொடுக்கவில்லை. முடிக்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் எதையாவது தப்பாகச் சொன்னால் மாவுக்கட்டுப் போட்ட கையை மெதுவாகத் தூக்கிக் காட்டுகிறார். அறையில் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். என் காது சூடாகிவிடுகிறது. ஆனால் அப்படித் தப்பின சொல் மறக்கவே மாட்டேன் என்கிறது.

சொல்ல வந்தது வேறு. தட்டு, போர்வை, சக்கர நாற்காலி எல்லாம் வருகிறது. வலி வரமாட்டேன் என்கிறது. உடம்பைப் பற்றிய சொற்களைப் புது அட்டையில் எழுதினாலும், அட்டையை எடுத்ததும் அப்பா அறை வாசலில் நிற்கிறேன். அந்தக் கட்டிலும் மருந்து அலமாரியும் தெரிகின்றன. உள்ளே போக முடியவில்லை. அந்த அம்மாள் கையைக் காட்டியபோதும் அந்த வாசலிலிருந்துதான் நான் திரும்பிவிட்டேன்.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ அன்றைக்கு “லேசா காய்ச்சல்தாண்ணா” என்று மறைக்காமல் இருந்திருந்தால், வந்து ஒரு தடவை பார்த்திருப்பேன். அந்த அறை எனக்கு இப்படி ஆகியிருக்காது.

அண்ணன்

●

மார்ச் 9

அண்ணா,

கடைசிப் பத்தியை மட்டும் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மறைத்தேன். இதைக் கூடத்தில் அத்தனை பேர் எதிரில் நீ கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உன் பரீட்சை வியாழக்கிழமை. நீ தேர்வு நடக்கும் ஊரில் விடுதியில் இருந்தாய். திங்கட்கிழமை காலையில் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னிக்கே சேத்துடுங்கம்மா” என்றார். “வெள்ளிக்கிழமை சேக்கலாமா டாக்டர்” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெள்ளி என்று ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். சேர்த்தால் உனக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பரீட்சையை விட்டுவிட்டு வருவாய். அப்பாவே “அவன் எழுதிட்டு வரட்டும்” என்று சொன்னார் என்பது உண்மை. அதை எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

ஏனென்றால் அந்த வருஷம் என் வகுப்பில் ஒருத்தர்கூடத் தேறவில்லை. மையத்தில் என்னை மாற்றிவிடலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுச் செலவுக்காக நீ போகிறாய் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு வாசல் பலகையில் ஒட்ட ஒரு படம் வேண்டியிருந்தது, அண்ணா. அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா தினமும்போல உனக்குப் போனில் அட்டை படித்துச் சொல் கேட்டபோது, அவர் முதுகுக்குத் தலையணை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான். முப்பத்தேழாவது அட்டையில் அவரால் முடியவில்லை என்று போனை வாங்கி உன்னிடம் காய்ச்சல் என்றேன். புதன்கிழமை பயந்துபோய்ச் சேர்த்தேன். வியாழக்கிழமை நீ உள்ளே எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் போய்விட்டார்.

நீ அன்று கத்தியதில் ஒரு சொல்கூட அதிகமில்லை.

தங்கை

●

மார்ச் 20

குட்டிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. இரண்டு நாளாக அந்த அம்மாள் கண்ணில் படாமல் சுற்றிவந்தேன், அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம்.

நீ ஒன்றையும் என்னிடம் மறைக்கவில்லை. மறைக்க முடியாது. நான் நர்ஸ்.

விடுதி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று பேசினேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா நாற்பது அட்டை கேட்பாரே, அதுபோல. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர், ஆறு ஒன்றுக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. அன்று ஆறு பத்துக்கு வந்தது. அப்போதே ஏதோ என்று தோன்றியது. முதல் பத்து அட்டையைச் சேர்ந்தாற்போல் படித்தார். அப்புறம் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு எடுத்தார். எனக்குக் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. வார்டில் செய்கிற பழக்கம். எண்ணினேன். நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு. மூச்சை விடும்போது சளி கறகறக்கும் ஈரச் சத்தம். அது காய்ச்சல் இல்லை என்று முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

தெரிந்துகொண்டு என்ன செய்தேன் தெரியுமா? “அடுத்தது சொல்லுங்கப்பா” என்றேன். ஒவ்வொன்றுக்கும் அதையே சொன்னேன். நீ போனை வாங்கி, அப்பா அசந்துட்டார், லேசா காய்ச்சல் என்றபோது, “இன்னும் மூணு அட்டை இருக்கே” என்றேன். நினைவிருக்கிறதா? நீ அதை யாரிடமும் சொல்லவில்லை. நீ பொய் சொல்கிறாய் என்று தெரிந்தது, நிம்மதியாக இருந்தது. இனிமேல் இது என் பொறுப்பில்லை, எனக்குத்தான் சொல்லவில்லையே என்று அந்த மாடியிலேயே முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து அத்தனை பேர் எதிரில் உன்னைப் பார்த்துக் கத்தியது, யாராவது என்னைக் கேட்பதற்கு முன்னால் முந்திக்கொள்ளத்தான். சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்தப் பதினைந்து மாதமாக உன்னைத்தான் பேசுகிறார்கள். எனக்குத் தெரியும். சித்தப்பா எழுதினார். படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

அப்பா அறைக்குள் ஏன் போக முடியவில்லை என்று இப்போது புரிகிறதா? அங்கே துக்கம் இல்லை. உள்ளே போனால் அந்த மூச்சை மறுபடி எண்ண வேண்டும்.

சித்தப்பாவுக்கு இன்றே தனியாக எழுதிவிட்டேன், இதே விஷயத்தை. எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நீ எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

அண்ணன்

●

மார்ச் 31

அண்ணா,

சித்தப்பா வந்திருந்தார். காபியைக் குடித்துக் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு, “தப்பா பேசிட்டோம்மா” என்று எழுந்து போனார்.

உன்மேல் எவ்வளவு கோபம் வந்தது என்று எழுதினால் தாள் போதாது. பதினைந்து மாதம், அண்ணா. அப்பாவை நான் ஒருத்தியே கொன்ற மாதிரி இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தேன். எழுதிய இரண்டு பதிலைக் கிழித்தேன். இது மூன்றாவது. கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, வேலை இருப்பதால் ஓரமாக வைத்திருக்கிறேன்.

உன் பரீட்சை நெருங்குகிறது. அந்தச் சொற்களை அப்பா அறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்று உனக்கு ஏதாவது உபாயம் சொல்ல நினைத்தேன். எதுவும் தேறவில்லை. அதனால் நேற்று நானே உள்ளே போய் அட்டைக் கட்டை எடுத்தேன். அதன்மேல் ரப்பர் வளையத்தில் செருகின ஒரு துண்டுச் சீட்டு, அப்பா எழுத்து. நான் போனை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனபோது எழுதியிருக்க வேண்டும். ‘37க்கு 35. மீதி 3 நாளைக்கு.’ வேறொன்றும் இல்லை. அவருக்கு மூச்சு வாங்கியது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கணக்கில் அது வரவில்லை.

அந்த மூன்று அட்டையில் குறி இல்லை. அப்பா கேட்க வேண்டியவை, நான் கேட்கிறேன். தாகம். நகவெட்டி. மூச்சுத்திணறல்.

எதையும் திறந்து பார்க்காமல், நினைவிலிருந்து எழுதி அனுப்பு.

தங்கை

●

ஏப்ரல் 16

குட்டிக்கு,

நேற்று சோதனை முடிந்தது.

ஜன்னலோரத்து அம்மாள் தானே நோயாளியாக இருப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பொறுப்பாளர் அம்மா ஓரமாக நாற்காலியில். முதல் பத்து நிமிஷம் நன்றாகப் போனது. எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, குத்துகிறதா எரிகிறதா, எல்லாம் கேட்டேன். நடுவில் அவர் வேண்டுமென்றே வேகமாக எதையோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. தலை வழக்கம்போல ஆடத் தொடங்கியது. மாவுக்கட்டுப் பிரித்த அந்தக் கையைப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டேன். “எனக்குப் புரியவில்லை. மறுபடியும் மெதுவாகச் சொல்லுங்கள்” என்றேன். முதல் நாள் வகுப்பில் நீ முதலில் சொல்லிக்கொடுத்த வாக்கியம். இந்த ஊருக்கு வந்து ஒரு தடவைகூட அதை வாயால் சொன்னதில்லை, வெட்கம். அவர் மறுபடி சொன்னார். மூன்றாவது தடவைதான் விளங்கியது.

இன்னும் மூன்று மாதம் இதே மாடியில், வேறொரு நர்ஸோடு சேர்ந்து. அப்புறம் மறுபடி பார்ப்பார்களாம். முழுத் தேர்ச்சி இல்லை, சலவைக் கூடமும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் விட்டேன் என்று பொறுப்பாளர் அம்மா சொன்னார்.

உன் கடிதம் சோதனைக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. துண்டுச் சீட்டைப் பற்றிப் படித்துவிட்டு வேலை உடையோடேயே கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அறைத்தோழன் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டான், நானும் ஆமாம் என்றேன். அப்புறம் கண்ணை மூடி அப்பா அறைக்குள் போனேன். மூச்சும் கேட்டது. எண்ணாமல் நின்றேன். மருந்து அலமாரி வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

மூன்று பதிலும் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். யாரையும் கேட்கவில்லை. அப்பா எப்படித் திருத்துவாரோ அப்படியே திருத்து.

அண்ணன்

●

ஏப்ரல் 27

அண்ணா,

தாகம் சரி. மூச்சுத்திணறல் சரி, ஓர் எழுத்தும் பிசகவில்லை. நகவெட்டி தப்பு. நீ எழுதியிருப்பது கத்தரிக்கோல். சிவப்புப் பென்சிலைச் சீவி, பெருக்கல் குறி போட்டுவிட்டேன். அது உன் டப்பாவில் முதல் தடுப்புக்குப் போக வேண்டும்.

வாசல் பலகையிலிருந்து உன் படத்தை எடுத்துவிட்டேன். யாரென்று கேட்ட பிள்ளைகளிடம், என் அண்ணன், தேறினார், பேச வராமல் ஒருத்தர் கை முறிந்ததைக் கவனிக்காமல் விட்டார், இப்போது மறுபடி படிக்கிறார் என்று சொன்னேன். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அன்றைக்கு வகுப்பில் ஏழு பேர் எழுந்து புரியவில்லை என்றார்கள். இத்தனை வருஷத்தில் இதுவரை ஒருத்தர்கூட அப்படிச் சொன்னதில்லை.

கடிதம் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்கிறேன், எடு. நாற்பது அட்டை, நான் படிப்பேன், நீ சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும். நடுவில் என் குரல் ஒரு மாதிரி இருந்தால், அடுத்த அட்டையைக் கேட்காதே. என்ன ஆச்சு என்று என்னைக் கேள். நானும் உன்னைக் கேட்பேன்.

குட்டி